36 எப்படி 40 ஆகிறது? வெட்டுமாதிரியின் அளவுப் பெருக்கமும் கொழும்பின் தையல் அறிவும்

வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் தொங்கும் ஆயத்த பிளவுஸ் ஒன்றை உட்புறம் திருப்பிப் பார்த்தால், விலாப் பக்கத்தில் இரண்டு மூன்று தையல் வரிகள் அடுத்தடுத்து ஓடுவதைக் காணலாம். அதற்கப்பாலும் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ துணி மடிந்து கிடக்கும். சிட்டையில் 38 என்றிருந்தாலும், முதல் வரியைப் பிரித்தால் 40, அடுத்ததைப் பிரித்தால் 42. இந்தியாவிலிருந்து வரும் பிளவுஸ்களின் விற்பனை விவரத்திலேயே ‘38, 42 வரை பிரிக்கலாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கடைக்காரருக்கு இது பெரிய வசதி. மூன்று அளவுகளைக் கொள்முதல் செய்து அடுக்கி வைக்கத் தேவையில்லை.

வாங்கியவருக்கு வசதியா என்பது வேறு கதை. 42 வரை பிரித்து அணிந்தால் சுற்றளவு போதும், கொக்கிகள் பூட்டும். ஆனால் மார்பு புடைக்க மடித்துத் தைக்கும் டாட்டின் முனை மார்பின் முனைக்கு வராது. முன்பக்க நீளம் போதாமல் கீழ்விளிம்பு மேலேறும். கைக்குழியின் ஆழம் பழையபடியே இருப்பதால் அக்குள் இறுக்கும். சுற்றளவு என்ற ஒன்றை மாத்திரம் கூட்டிவிட்டு, உடலின் மற்ற அளவுகள் எல்லாம் 38இலேயே நின்றுவிட்டதாக அந்தப் பிளவுஸ் எண்ணிக்கொள்கிறது.

ஓர் அளவுக்கு வரைந்த வெட்டுமாதிரியிலிருந்து மற்ற அளவுகளை உண்டாக்கும் வேலையை ஆடைத்துறையினர் கிரேடிங் என்கிறார்கள். பேட்டர்ன் வரைவதற்குப் பிறகு வரும் கணக்கு வேலை, கணினி வந்தபின் பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் வேலை என்பதே அதைப் பற்றிய பொது எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு சரி? கிரேடிங் வெறும் வடிவகணிதமா, அல்லது மனித உடல் எப்படிப் பெருக்கும் என்பது பற்றிய ஓர் ஊகமா? ஊகம் என்றால், யாருடைய உடலைப் பார்த்து ஊகித்தது? ஏறத்தாழ அரை நூற்றாண்டாக உலகத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கும் கொழும்பிலிருந்து கேட்கும்போது இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் கிடைக்கிறது.

பெருப்பித்தால் என்ன ஆகும்?

ஒரு பிளவுஸ் மாதிரியை எடுத்துக்கொள்வோம். மார்பளவு 36 அங்குலம், முழுத்தோள் 14, நீளம் பதினாலரை. 40 அளவு வேண்டும். போட்டோப் பிரதி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய் 111 வீதத்துக்குப் பெருப்பித்தால் மார்பு 40 வந்துவிடும். கூடவே முழுத்தோள் பதினைந்தரையைத் தாண்டும். நீளம் 16 ஆகும். கழுத்தின் அகலமும் ஆழமும் ஒன்பதில் ஒரு பங்கு கூடும். உடுத்துபவர் கையை அசைத்தால் தோள் நழுவும் சட்டை அது.

மார்பு நான்கு அங்குலம் கூடிய ஒருவருக்குத் தோளெலும்பு ஒன்றரை அங்குலம் நீண்டிருக்காது. வளர்ந்தவர்களின் எலும்பு நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது. தசையும் கொழுப்பும் மார்பு, இடை, மேற்கை, முதுகின் மேற்புறம் ஆகிய இடங்களில் வெவ்வேறு வேகத்தில் சேர்கின்றன. ஆகவே மாதிரியின் ஒவ்வொரு கோட்டுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். நான்கு அங்குல வேறுபாட்டை உடலின் நான்கு காற்பகுதிகளுக்குப் பங்கிட்டால், முன் மாதிரியின் பாதிக்கு ஓர் அங்குலம், பின் மாதிரியின் பாதிக்கு ஓர் அங்குலம். இந்த ஓர் அங்குலத்தை எங்கே போடுவது என்பதில்தான் கிரேடரின் திறமை முழுவதும் இருக்கிறது. கழுத்துக்கு அரைக்கால் அங்குலம், தோளுக்கு இன்னோர் அரைக்கால், மிச்சமான முக்கால் அங்குலம் கைக்குழிப் பக்கமும் விலாவிலும் என்று பங்கிட்டால், முழுத்தோள் மொத்தத்தில் அரை அங்குலமே கூடும். பதினாலு பதினாலரை ஆகும், பதினைந்தரை ஆகாது. கைக்குழி எவ்வளவு இறங்க வேண்டும், டாட்டின் முனை எவ்வளவு வெளியே நகர வேண்டும் என்பதும் இதேபோல் தனித்தனியே தீர்மானிக்கப்படும். கடைசியில் கை. கைக்குழியின் சுற்று எவ்வளவு கூடியதோ, அதற்கு இசையக் கையின் மேல்வளைவும் கூட வேண்டும். அங்கே கால் அங்குலம் பிசகினாலும் தைப்பவரின் விரலுக்குத் தெரிந்துவிடும்: ஒன்றில் சுருக்கு விழும், அல்லது இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டி வரும்.

இதைச் செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. மாதிரியைக் குறித்த கோடுகளில் வெட்டி, துண்டுகளுக்கிடையே இடைவெளி விட்டு, கீழே தாளை ஒட்டி மறுபடி வரைவது ஒன்று. தடித்த அட்டை மாதிரியைத் தாளின்மேல் வைத்து, அச்சுக் கோடுகள் வழியே சிறிது சிறிதாக நகர்த்தி ஓரங்களை வரைவது இன்னொன்று. மூலைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கிடையாக எவ்வளவு, நிலையாக எவ்வளவு நகர வேண்டும் என்று கணினிக்கு எண்களாகக் கொடுப்பது மூன்றாவது. எந்த வழியில் போனாலும், எல்லா அளவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது அவை நிலப்படத்தின் சமவுயரக் கோடுகள்போலத் தோன்றும். கழுத்தருகே கோடுகள் நெருங்கி நிற்கும். விலாவருகே விலகி நிற்கும். பழகிய கண்ணுக்கு இந்த அடுக்கைப் பார்த்தவுடனேயே எங்கே பிழை என்று தெரியும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். நகர்த்த வேண்டிய அளவை எந்த வழியும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. கழுத்துக்கு அரைக்கால் அங்குலம் என்ற முடிவு வெளியிலிருந்து வருகிறது. 36இலிருந்து 38க்குப் போகும்போது சேர்த்ததையே 46இலிருந்து 48க்குப் போகும்போதும் சேர்க்கலாம் என்ற துணிவும் வெளியிலிருந்தே வருகிறது.

விதிகளின் பூர்வீகம்

தென்னாசியத் தையற் பாடநூல்களில் பயின்றவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு மனப்பாடம்: கழுத்தின் பாதி அகலம் மார்பளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கைக்குழியின் ஆழத்துக்கும் இதேபோல் மார்பளவின் ஒரு பின்னம், கூடவே சிறு சேர்ப்பு. 36 மார்புக்குக் கழுத்தின் பாதி அகலம் 3 அங்குலம். நன்றாகவே பொருந்தும். 48 மார்புக்கு 4 அங்குலம். அதாவது முழுக் கழுத்து எட்டு அங்குல அகலம். அந்தப் பிளவுஸ் தோளில் நிற்காது.

மார்பளவு ஒன்றிலிருந்து உடல் முழுவதையும் ஊகிக்கும் இந்தப் பழக்கம் நமது தையற்காரர்கள் கண்டுபிடித்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளவு நாடா பரவியபோது, ஐரோப்பியத் தையற்காரர்கள் மார்பளவை அடிப்படை அலகாகக் கொண்ட விகித முறைகளை அடுத்தடுத்து வெளியிட்டார்கள். இலண்டனில் ஹென்றி வாம்பன் 1830களில் அதற்குக் கணித வடிவம் கொடுக்க முயன்றார். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆண்கள், தைத்தது கோட். விகிதத்தில் வரும் பிழையை இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கும்போது சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட முறை அது.

போட்டுப் பார்க்கவே வழியில்லாத வாங்குபவர் வந்தபோதுதான் கிரேடிங் தனித் தொழிலாயிற்று. 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் ஒரே ஆடைக்குப் பல அளவுகளில் தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் பெண்கள் இதழ்களில் வந்த மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தன. தன் உடலுக்கேற்பப் பெருப்பித்துக்கொள்வது வாசகியின் பாடு. பட்டரிக் விற்றது, உண்மையில், அந்தப் பாட்டிலிருந்து விடுதலை. பத்தாண்டுகளுக்குள் மெக்கோல் போன்ற போட்டியாளர்களும் சந்தைக்கு வந்தார்கள். அளவு அட்டவணைகள் அச்சேறின. ஆனால் அந்த அட்டவணைகளுக்குப் பின்னால் அளந்து பார்த்த உடல்களின் பெருந்தொகுதி எதுவும் இருக்கவில்லை.

முதல் பெரிய அளவீடு 1939, 1940 ஆண்டுகளில் நடந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்காக ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, 1941இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெண்ணிடமும் ஐம்பதுக்கு மேற்பட்ட அளவுகள் எடுக்கப்பட்டன. மார்பளவு ஒன்றைக் கொண்டு மற்றவற்றைச் சரியாக ஊகிக்க முடியாது, உயரமும் உடற்கனமும் சேர்ந்தால் ஓரளவு முடியும் என்பது அதிலிருந்து தெரியவந்தது. தொழிலதிபர்கள் அதை விரும்பவில்லை. கடையில் எந்தப் பெண் தன் நிறையைச் சொல்லுவாள்? 1958இல் இந்தத் தரவைக் கொண்டு உருவான வணிகத் தரம் மார்பளவுக்கே முதலிடம் கொடுத்தது. மேலும், வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் அந்த 1941 ஆய்வின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பங்குபற்றியவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டதால் பணத் தேவையுள்ளவர்கள் கூடுதலாக வந்திருக்கலாம் என்ற ஐயமும் பின்னர் எழுந்தது. 1983இல் அந்தத் தரம் கைவிடப்பட்டது. அதை ஒட்டி வளர்ந்த கிரேடிங் பழக்கங்கள் கைவிடப்படவில்லை.

இதை ஆய்வு நோக்கில் சோதித்தவர்களுள் நான்சி ஸ்கோஃபீல்ட், காரன் லபாட் இருவரின் வேலை முக்கியமானது. 1873 முதல் 2000 வரை வெளியான நாற்பது அளவு அட்டவணைகளை அவர்கள் ஒப்பிட்டு, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அளவுக்கு அளவு சமமான இடைவெளி, எல்லா அளவிலும் மாறாத விகிதம் போன்ற எடுகோள்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கின்றன. அளந்த உடல்களின் தரவு அவற்றை ஆதரிக்கவில்லை. எலிசபெத் பை தலைமையில் 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கிரேடிங் செய்த ஆடைகளை வெவ்வேறு அளவுப் பெண்களுக்கு அணிவித்து, ஒவ்வொருவரின் உடலுக்கும் திருத்திய மாதிரியுடன் ஒப்பிட்டது. அளவு மாறும்போது உடலின் பருமன் கூடுவதோடு அதன் வடிவமும் மாறுகிறது என்பதை வழமையான விதிகளால் தொடர முடியவில்லை.

இதற்கு முன்பே, 1984இல், பிரித்தானியாவைச் சேர்ந்த பாட்ரிக் டெய்லரும் மார்ட்டின் ஷோபனும் தட்டையான கிரேடிங்கையே குறை கூறியிருந்தார்கள். சுற்றளவை மாத்திரம் கூட்டி டாட்டின் அகலத்தை மாற்றாமல் விட்டால் மார்பின் புடைப்பு வளராது என்பது அவர்கள் வாதம். முற்பகுதியில் பார்த்த, பிரித்துவிட்ட பிளவுஸின் நோயும் இதுதான்.

கிருலப்பனையின் பழைய ஆலையும் புதிய தொழிலும்

ஹவ்லொக் வீதியில், கிருலப்பனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, மலையாளிகளும் தமிழருமான தொழிலாளர்களை நம்பி வளர்ந்த ஆலை. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. அந்த ஆலை விற்றது துணி. துணிக்கு அகலமும் நீளமும் போதும். உடலைப் பற்றி ஆலை எதையும் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. உடலைப் பற்றிய அறிவு வெளியே, ஒழுங்கைகளில், சிங்கர் இயந்திரத்தின் முன்னால் இருந்தது. 1877இலேயே கொழும்புக்கு வந்துவிட்ட சிங்கர், தையற் கல்வியையும் தன் வியாபாரத்தோடு சேர்த்து வளர்த்தது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபோது இந்தப் பிரிவினை மாறியது. பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டா முறை, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரையறுத்திருந்தது. கோட்டா தீர்ந்த நாடுகளின் முதலீடு இலங்கைக்கு வந்தது. 1992இல் பிரேமதாச அரசின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. இன்று நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஆடையிலிருந்து வருகிறது.

தொடக்கக் காலத்து வேலை பெரும்பாலும் வெட்டித் தைத்துக் கொடுப்பது. கொள்வனவாளர் தருவதைப் பின்பற்றினால் போதும். 2004 முடிவில் கோட்டா ஒழிந்தபோது மலிவுக் கூலியில் பங்களாதேசத்துடன் போட்டியிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ், ஹிர்தாராமணி போன்ற நிறுவனங்கள் மாதிரி உருவாக்கம், பேட்டர்ன், கிரேடிங், துணிக் கொள்முதல் எல்லாவற்றையும் உள்ளுக்கே செய்யும் நிலைக்கு நகர்ந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் இதற்கான பட்டப்படிப்புகள் உண்டு. கணினி முன் உட்கார்ந்து புள்ளி நகர்த்தும் வேலையில் கொழும்புக்கு உலகத் தரமான தேர்ச்சி இருக்கிறது. இதில் மிகையில்லை.

அந்தத் தேர்ச்சியின் ஆழத்தைப் பார்க்க வேண்டுமானால் பிராவைப் பார்க்க வேண்டும். 1987இல் தொடங்கிய எம்.ஏ.எஸ். பெரிதாக வளர்ந்தது உள்ளாடையால்தான். சட்டைக்கு ஒரு திசையில் கிரேடிங் போதும். பிராவுக்கு இரண்டு திசையில் வேண்டும். மார்புக்குக் கீழ்ச் சுற்று ஒன்று, கிண்ணம் இன்னொன்று. 32 முதல் 40 வரை ஐந்து சுற்று, ஏ முதல் டிடி வரை ஐந்து கிண்ணம் என்று வைத்தாலே ஒரே அடிப்படை மாதிரியிலிருந்து 25 அளவுகள் பிறக்க வேண்டும். கிண்ண எழுத்து தனியாக எதையும் குறிப்பதில்லை. 32 சி, 34 பி, 36 ஏ மூன்றின் கிண்ணக் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒரே கம்பியை மூன்றுக்கும் போடலாம். தோள்பட்டியின் இடைவெளி மாத்திரம் சுற்றோடு சேர்ந்து மெல்ல விலகும். மில்லிமீற்றர் கணக்கில் நடக்கும் இந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு, கிரேடிங் பொத்தானை அழுத்தும் வேலை என்று சொல்ல வாய் வராது.

ஆயினும் அந்த அறையில் தீர்மானிக்கப்படாத ஒன்று உண்டு. அடிப்படை அளவும் அளவுக்கு அளவு கூடும் விதியும் கொள்வனவாளரின் விவரக்கோவையில் முன்பே எழுதப்பட்டு வருகின்றன. மாதிரி அறையில் எம் அளவிலோ 10ஆம் அளவிலோ முதல் மாதிரி தைக்கப்படும். இலண்டனிலோ நியூயோர்க்கிலோ அந்த நிறுவனத்தின் பொருத்த மாடல் அதை அணிந்து பார்ப்பார். திருத்தக் குறிப்பு வரும். பிறகு சிறிய அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று ஒரு தொகுதி தைத்து, அட்டவணையின் எண்களோடு நாடா பிடித்துச் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் மேசையில் விரித்து வைத்தே அளப்பார்கள். எண் பொருந்தினால் தேறிவிட்டது. பெரிய அளவை அந்த அளவுள்ள ஒருவர் அணிந்து, கையைத் தூக்கிப் பார்த்தாரா என்பது எண்ணில் வராது. விதியை மிகத் துல்லியமாக நிறைவேற்றும் இடத்துக்கு விதியைக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கவில்லை.

உள்ளூர் உடலுக்கு யார் கணக்கு?

1989இல் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய ஒடெல், தொழிற்சாலைகளில் மிஞ்சிய ஏற்றுமதி ஆடைகளை விற்றே வளர்ந்தது. இன்றும் கொழும்பில் மிச்ச ஆடைக் கடைகளுக்குக் குறைவில்லை. நடுத்தர வர்க்கத்தினர் பலரின் அலுமாரியில் தொங்குவது வேறொரு கண்டத்தின் உடலுக்குக் கிரேடிங் செய்த சட்டை. காற்சட்டையின் கீழ்விளிம்பை மடித்துத் தைத்துக் கொடுப்பதே கிருலப்பனைச் சந்தையை ஒட்டிய சிறு தையற்கடைகளுக்கு ஒரு நிரந்தர வருமானம். நீளத்தை வெட்டிவிடலாம். இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதத்தை வெட்டிவிட முடியாது.

விகிதம் மாறுகிறது என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்டு இரண்டு தசாப்தம் ஆகிறது. ஆசிய மக்களிடையே அதே உடற்திணிவுச் சுட்டெண்ணுக்குக் கொழுப்பின் பங்கு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம், ஆண்களின் இடைச்சுற்றுக்கான எச்சரிக்கை எல்லையை ஐரோப்பியருக்கு 94 சென்ரிமீற்றர் என்றும் தென்னாசியருக்கு 90 என்றும் பிரித்து வைத்தது. மெலிந்த கை கால், முன்தள்ளிய வயிறு என்ற உருவம் நம்மவர்க்குப் புதிதன்று. வைத்தியர் அதற்குத் தனி எல்லை வைத்திருக்கிறார். சட்டையின் அளவு அட்டவணை வைத்திருக்கவில்லை. வயிற்றுக்குப் பொருந்தும் சட்டையை எடுத்தால் தோள் தொங்குவதும், தோளுக்கு எடுத்தால் பொத்தான் இழுப்பதும் அந்த இடைவெளியின் அன்றாட விளைவு.

இந்தியா இதற்கு ஒரு விடை தேடியது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 2018இல் அறிவித்த இந்தியாசைஸ் திட்டம், 15 முதல் 65 வயது வரையான 25,000 பேரை முப்பரிமாண வருடி கொண்டு அளப்பது என்று திட்டமிட்டது. கொல்கத்தா, மும்பை, புதுடில்லி, ஐதராபாத், பெங்களூர், ஷில்லோங் என்று ஆறு நகரங்கள் தெரிவாயின. திருப்பூரின் பின்னலாடையும் சென்னையின் தோலாடையும் உலகச் சந்தைக்குப் போகும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நகரமும் அந்த ஆறில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 25,000 பேர் பெரிய தொகைதான். 2001, 2002இல் பிரித்தானியாவின் சைஸ்-யூகே அளந்தவர்கள் 11,000 பேர். ஆனால் சராசரி ஒன்றைக் கண்டுபிடிப்பதால் கிரேடிங் சிக்கல் தீர்ந்துவிடாது. சராசரி அடிப்படை அளவைத் திருத்தும். அதிலிருந்து விலகிச் செல்லும்போது உடல் எப்படி மாறுகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் விதி திருந்தும்.

இலங்கையில் கிரேடிங்கின் மிகப் பெரிய உள்ளூர்க் களம் பாடசாலைச் சீருடை. 1993 முதல் அரசு மாணவர்களுக்கு இலவசச் சீருடை வழங்கி வருகிறது. கொடுப்பது தைத்த ஆடையை அன்று, துணியை. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதில் வவுச்சர் வந்தது; 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சீனா துணி அன்பளிப்புச் செய்தது. நாற்பது இலட்சம் பிள்ளைகளுக்குத் தைத்த ஆடையாகக் கொடுப்பதென்றால் அரசு ஓர் அளவு அட்டவணை உருவாக்கியிருக்க வேண்டும். துணியாகக் கொடுத்ததால் அந்தச் சிக்கல் ஒவ்வொரு ஊரின் தையற்காரரிடமும் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் அதை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்பது கவனத்துக்குரியது. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்ரிமீற்றர் உயரும்; மார்பு அந்த வேகத்தில் பெருக்காது. அதனால் வெள்ளைக் கவுணின் கீழ்மடிப்பில் இரண்டு மூன்று அங்குலம் துணி விடுவார்கள். வருட நடுவில் அம்மா அதைப் பிரித்து இறக்கிவிடுவார். பழைய மடிப்பின் கோடு சலவைக்கும் போகாமல் தெரியும். பெரியவர்களின் பிளவுஸுக்கோ மிச்சத் துணி விலாவில். வளரும் உடல் நீளத்தில் கூடும், வளர்ந்த உடல் சுற்றில் கூடும் என்ற அறிவு எந்த அட்டவணையிலும் எழுதப்படாமல் துணியின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஆடைக்குள் அடுத்த அளவையும் ஒளித்து வைக்கும் இந்த முறையைக் கிரேடிங்குக்கு மாற்று என்றே சொல்லலாம். அதன் எல்லையும் அதே மடிப்பில் தெரிகிறது: ஒரு திசையில் மாத்திரம் வளரத் தெரிந்த ஆடை அது.

தையற்காரரைப் புகழ்வதற்கு முன்

இங்கே ஒரு சுலபமான முடிவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது: தொழிற்சாலை உடலை மறந்தது, தையற்காரர் மறக்கவில்லை என்று. அது முழுதும் சரியன்று. பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற வாய்ப்பாட்டைப் பின்பற்றும் தையற்காரரும் தொழிற்சாலை அட்டவணையின் அதே நேர்கோட்டில்தான் நடக்கிறார். அவரைக் காப்பாற்றுவது இரண்டு பழக்கங்கள். ஒன்று, வாடிக்கையாளர் கொண்டுவரும் அளவுச் சட்டை; அதில் போன தடவையின் பிழைகள் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும். மற்றது, போட்டுப் பார்த்துப் பிடித்துத் தருவது. ஆடி வேல் விழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து இறங்குவோர் வெள்ளவத்தையில் பிளவுஸ் தைக்கக் கொடுப்பதன் காரணம் கூலி மலிவு மாத்திரமன்று. போட்டுப் பார்க்கும் இந்த இரண்டாவது தடவைக்காகவும்தான். அதே ஆட்கள் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஏழெட்டு எண்களை அனுப்பித் தைக்கச் சொல்லும்போது, தையற்காரரும் பட்டரிக்கின் நிலைக்கு வந்துவிடுகிறார். காணாத உடலுக்கு வெட்ட வேண்டும்.

மறுபுறம், நுணுக்கமான கிரேடிங்குக்கு விலை உண்டு என்ற தொழிலதிபர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வோர் அளவும் தனி மாதிரி, தனிச் சரிபார்ப்பு, விற்காமல் தேங்கும் தனி அடுக்கு. எஸ், எம், எல் என்ற எழுத்து அளவுகள் இரண்டு எண் அளவுகளை ஒன்றாக்கி இந்தச் செலவைப் பாதியாக்கின. அவை பின்னலாடையில் வெற்றி பெற்றதற்குக் காரணம் துணி நெகிழ்ந்து பிழையை மறைப்பது. ரி-சேர்ட்டில் மறையும் பிழை, நெகிழாத பருத்தியில் இறுக்கமாகத் தைக்கும் பிளவுஸில் மறையாது. ஆகவே எல்லா ஆடைக்கும் ஒரே நுணுக்கம் தேவையில்லை. இறுக்கமும் நெகிழாத துணியும் சேரும் இடத்தில் அது தவிர்க்க முடியாதது.

பெரிய அளவுகளை நாடும் வாங்குவோரின் அழுத்தத்தால், மேற்கின் சுயாதீன மாதிரி வடிவமைப்பாளர்கள் அண்மை ஆண்டுகளில் ஒரு நடைமுறை வழிக்கு வந்திருக்கிறார்கள். ஒரே அடிப்படையை இழுத்துக்கொண்டே போகாமல், ஓர் எல்லைக்கு மேல் இரண்டாவது அடிப்படை மாதிரி ஒன்றை அந்த அளவுள்ள உடலில் பொருத்திப் புதிதாக வரைகிறார்கள். அங்கிருந்து மேலும் கீழும் இரண்டு மூன்று படிகளுக்கு மேல் போவதில்லை. சட்டைக்கும் பிளவுஸுக்கும் கொழும்பின் சிறு ஆடை உற்பத்தியாளர்கள் எடுத்தாளக்கூடியது இந்த வழியே என்று தோன்றுகிறது. 36க்கு ஓர் அடிப்படை, 44க்கு ஓர் அடிப்படை. கூடுதல் செலவு ஒரு மாதிரியும் ஒரு பொருத்தமும்.

அந்த 44 எந்த உடலைப் பார்த்து வரையப்படும்? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் உள்ள தையற்கடைகளின் அளவுப் புத்தகங்களில் இதற்கான மூலப்பொருள் கிடக்கிறது. மார்பு, இடை, முழுத்தோள், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து, நீளம் என்று வரிசை வரிசையாக எண்கள். ஒரே வாடிக்கையாளரின் எண்கள் கலியாணத்துக்கு முன்னும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் வயது போனபோதும். ஓர் உடல் காலத்தோடு எப்படி மாறுகிறது என்பதை ஒரே நாளில் அளந்து முடிக்கும் எந்தக் கணக்கெடுப்பும் இப்படிக் காட்டாது. பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மாத்திரம் தொகுத்தால், முழுத்தோளும் மார்பும் எந்த வேகத்தில் பிரிகின்றன என்பதை அங்கிருந்தே வரையலாம்.

அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. தைக்கக் கொடுக்க வசதியுள்ளவர்களின் உடல்கள் மாத்திரமே அந்தப் புத்தகத்தில் உண்டு. சிலர் உடுப்பின் மேலே அளப்பார்கள். சிலர் விரல் ஒன்றை நாடாவுக்குள் விட்டு அளப்பார்கள். சிலர் லூஸ் சேர்த்த எண்ணையே எழுதிவிடுவார்கள். முழுத்தோளை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதிலும் கடைக்குக் கடை வேறுபாடு உண்டு. ஐ.எஸ்.ஓ. 8559 என்ற சர்வதேசத் தரம் உடலில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. ஒரு கடை எப்படி அளக்கிறது என்பதை அந்த வரையறையோடு முதலில் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கழிக்க வேண்டியிருக்கும். ஒரு கடையின் புத்தகத்தில் 15 என்றிருக்கும் தோள் இன்னொரு கடையில் பதினாலரையாக இருக்கலாம். 36க்கும் 40க்கும் இடையே கிரேடர் முழுத்தோளுக்குக் கொடுக்கும் கூடுதல் முழுவதும் அந்த அரை அங்குலம்தான்.